டியூப்லைட் சோக், 8 மைக்ரோஃபாரட், ஃபீட்பேக் இல்லாத மாறா மின்னோட்டம்

எல்.இ.டி. வரிசைக்கு மாறாத கரண்ட் வேண்டுமென்றால் வழக்கமாக ஒரு டிரைவர் ஐ.சி. வைப்போம். லோடோடு தொடராக ஒரு சின்ன ரெசிஸ்டர், அதில் விழும் வோல்டேஜைப் பார்த்துப் பார்த்து ஐ.சி. தன்னைத் திருத்திக்கொள்ளும். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எதையும் அளக்காமல், எதையும் திருத்தாமல், ஒரு காயிலும் ஒரு கெபாசிட்டரும் மட்டுமே அந்த வேலையைச் செய்துவிட முடியும் என்பது எனக்குப் பல காலமாக மனதைப் பிடித்து இழுக்கும் விஷயம். இந்த முறை மேசை மேல் வைத்துச் செய்து, மீட்டரில் அளந்து பார்த்துவிட்டேன். முதலில் 50 ஹெர்ட்ஸில், காயலான் கடைச் சாமான்களை வைத்து. அப்புறம் 98 கிலோஹெர்ட்ஸில், எல்.இ.டி.க்காக.

சுற்று இவ்வளவுதான். ஏசி மூலத்தோடு தொடராக ஒரு காயில். காயிலின் மறுமுனையில் ஒரு கெபாசிட்டர், அதற்கு இணையாக லோடு. மூலத்தின் அதிர்வெண்ணில் காயிலின் மின்மறுப்பும் (ரியாக்டன்ஸ், ஏசிக்கு அது காட்டும் எதிர்ப்பு) கெபாசிட்டரின் மின்மறுப்பும் சமமாக இருக்க வேண்டும், அதாவது ஒத்ததிர்வு. அப்படி இருந்தால் லோடில் ஓடும் கரண்ட், மூல வோல்டேஜை அந்த மின்மறுப்பால் வகுத்த அளவு. லோடு 10 ஓமா 300 ஓமா என்பது கணக்கிலேயே வராது.

ஏன் என்பதற்கு நீளமான சமன்பாடு தேவையில்லை. தொடராக இருக்கும் வோல்டேஜ் மூலத்தையும் காயிலையும் நார்ட்டன் தேற்றப்படி புரட்டிப் போடுங்கள். ஒரு கரண்ட் மூலமும், அதற்கு இணையாக அதே காயிலும் கிடைக்கும். அந்தக் காயிலுக்கு இணையாகக் கெபாசிட்டர் ஏற்கனவே நிற்கிறது. இணையாக நிற்கும் காயிலும் கெபாசிட்டரும் ஒத்ததிர்வில் இருந்தால் இரண்டும் சேர்ந்து முடிவிலி மின்னெதிர்ப்பு (இம்பீடன்ஸ், தடையும் மின்மறுப்பும் சேர்ந்த மொத்த எதிர்ப்பு). வெளியே இருந்து பார்த்தால் அங்கே எதுவுமே இல்லாததுபோல. மிச்சம் இருப்பது கரண்ட் மூலம் மட்டும். கல்லூரியில் நார்ட்டன் தேற்றம் படித்தபோது அதற்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பாடம் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும்.

இதன் வயது நூறு ஆண்டுகளுக்கு மேல். பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் பால் பூஷெரோ (1869–1943) பெயரில் பூஷெரோ சுற்று என்று இதைச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் தெருவிளக்குகள் வரிசையாகத் தொடரில் எரிந்தன. தொடரில் எத்தனை விளக்கு இருந்தாலும் கரண்ட் ஒன்றாக இருக்க வேண்டும், ஆனால் மின்நிலையத்திலிருந்து வருவது மாறா வோல்டேஜ். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த சார்லஸ் ஸ்டைன்மெட்ஸும் இதே சிக்கலுக்கு இரண்டு காயில், இரண்டு கெபாசிட்டரைச் சதுரமாகக் கட்டி ஒரு விடை சொன்னார். விமான நிலைய ஓடுபாதை விளக்குகள் இன்றும் 6.6 ஆம்பியர் தொடர் சுற்றில் எரிகின்றன. அவற்றுக்கான ரெகுலேட்டர்களில் ஒரு வகை இந்த ஒத்ததிர்வுக் கட்டமைப்பையே உள்ளே வைத்திருக்கும்.

50 ஹெர்ட்ஸ்: சோக்கும் மோட்டார் கெபாசிட்டரும்

50 ஹெர்ட்ஸுக்கு ஒரு ஹென்றிக்கு மேல் இண்டக்டன்ஸ் உள்ள காயிலைச் சுற்றி எடுப்பது பெரிய வேலை. ஆனால் அப்படி ஒரு காயில் வீட்டுக்கு வீடு இருந்தது: 40 வாட் டியூப்லைட்டின் காப்பர் சோக். எல்.இ.டி. பட்டி விளக்குகள் வந்த பிறகு இவை எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இரும்புத் தகடுகளுக்கு நடுவே காற்றிடைவெளி விட்டே செய்திருப்பார்கள், அதனால் கரண்டோடு இண்டக்டன்ஸ் அதிகம் அலையாது. நமக்கு வேண்டியதும் அதுதான். எடுக்கும்போது டெர்மினலுக்கும் வெளித் தகட்டுக்கும் இடையே இன்சுலேஷன் பார்த்துவிட்டு எடுங்கள். பழைய சோக்கில் உள் வார்னிஷ் கருகியிருந்தால் மூக்கே சொல்லிவிடும்.

மூலமாக 24-0-24 டிரான்ஸ்பார்மர். நடு ஒயரை விட்டுவிட்டு இரு ஓரங்களையும் எடுத்தேன். மீட்டரில் 49.6 வோல்ட். வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாக இதைச் செய்யக்கூடாது. அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சோக்கை மட்டும் டிரான்ஸ்பார்மரோடு சேர்த்து, தொடரில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 124 மில்லிஆம்பியர். அப்படியானால் மின்னெதிர்ப்பு 400 ஓம். கம்பியின் டிசி தடை 34 ஓம், இரும்பின் இழப்பையும் சேர்த்து 42 ஓம் என்று வைத்துக்கொண்டேன். அதைக் கழித்தால் மின்மறுப்பு சுமார் 398 ஓம், இண்டக்டன்ஸ் 1.27 ஹென்றி. 50 ஹெர்ட்ஸில் 398 ஓம் தரும் கெபாசிட்டர் எது என்று போட்டுப் பார்த்தால் 8 மைக்ரோஃபாரட்! மோட்டார் ரன் கெபாசிட்டராகக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு. 440 வோல்ட் ஏசி போட்ட பாலிப்ரொப்பிலீன் வகையை வாங்குங்கள். மோட்டார் ஸ்டார்ட் கெபாசிட்டர் வேறு ஜாதி, எலக்ட்ரோலைட்டிக். தொடர்ந்து ஏசியில் நின்றால் வெடித்துவிடும்.

லோடாக வெள்ளைப் பீங்கான் உறை போட்ட 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர்கள். முதலில் ஒப்பிடுவதற்காகக் கெபாசிட்டர் இல்லாமல், சோக்கும் ரெசிஸ்டரும் மட்டும் தொடராக வைத்து அளந்தேன். லோடு ஷார்ட்டாக இருக்கும்போது 124. 100 ஓமில் 117. 220 ஓமில் 104. 470 ஓமில் 76 மில்லிஆம்பியர். எந்தப் பாலஸ்ட்டிலும் எதிர்பார்ப்பதுதான், லோடின் தடை கூடக் கூடக் கரண்ட் சரிகிறது.

இப்போது கெபாசிட்டரை லோடுக்கு இணையாகச் சேர்த்தாயிற்று. ஷார்ட்டில் அதே 124. 100 ஓமில் 121. 220 ஓமில் 117. 470 ஓமில் 110. ஒரே ஒரு கெபாசிட்டரைச் சேர்த்ததற்கு, 76-இல் நின்ற கரண்ட் 110-க்கு ஏறிவிட்டது. இன்னொன்றும் கவனியுங்கள். 470 ஓமில் 110 மில்லிஆம்பியர் என்றால் லோடின் மேல் கிட்டத்தட்ட 52 வோல்ட். மூலமே 49.6 வோல்ட்தான். கரண்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வோல்டேஜைத் தானே உயர்த்திக்கொள்கிறது இந்தச் சுற்று. கரண்ட் மூலம் என்ற பெயருக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியும் 124-க்கும் 110-க்கும் இடையே 14 மில்லிஆம்பியர் எங்கே போனது? அதிர்வெண் சரியில்லையோ, கெபாசிட்டர் 5 சதவீதம் தப்போ என்று முதலில் அங்கேதான் எல்லோருக்கும் சந்தேகம் போகும். உண்மையில் காரணம் அந்த 42 ஓம். நார்ட்டன் படத்தில் இணையாக நிற்கும் காயிலும் கெபாசிட்டரும் காயிலில் இழப்பு இருக்கும்போது முடிவிலி ஆகாது. மின்மறுப்பின் வர்க்கத்தை இழப்புத் தடையால் வகுத்த அளவில், இங்கே சுமார் 3,800 ஓமில், நின்றுவிடும். லோடுக்குப் பக்கத்தில் 3,800 ஓம் கசிவு ஒன்று எப்போதும் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 470 ஓம் லோடுக்கு அது சுமார் 11 சதவீதம் திருடும். மீட்டர் காட்டியதும் அதுவே.

அதிர்வெண் தவறோ கெபாசிட்டர் அளவுத் தவறோ வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதன் விளைவு இந்தக் கரண்டுக்கு 90 டிகிரி தள்ளி வந்து சேர்வதால், ரெசிஸ்டர் லோடில் சின்னத் தவறு கண்ணுக்கே தெரியாது. கெபாசிட்டரை 7.5 மைக்ரோஃபாரடாக மாற்றிப் பார்த்தேன், 470 ஓமில் மீட்டரின் முள்ளளவு வித்தியாசம்கூட இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே இந்தச் சுற்றைக் கட்டுகிறவர் பணத்தைத் துல்லியமான கெபாசிட்டரில் போடுவதைவிட இழப்பு குறைந்த காயிலில் போடுவதே மேல். நல்ல மாறா மின்னோட்டம் என்பது முக்கியமாக நல்ல காயில்.

ஷார்ட்டுக்குப் பயப்படாதீர்கள், ஓப்பனுக்குப் பயப்படுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

எலக்ட்ரிக்கல் வேலை செய்கிற எல்லோருக்கும் ஷார்ட் என்றால் ஆபத்து, கழற்றிவிட்டால் பத்திரம். இங்கே அது அப்படியே தலைகீழ். லோடை ஷார்ட் செய்தால் ஓடுவது அந்த 124 மில்லிஆம்பியர் மட்டுமே. லோடைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது காயிலும் கெபாசிட்டரும் தொடராக, ஒத்ததிர்வில். ஒன்றின் மின்மறுப்பை மற்றது அழித்துவிடும். கரண்டைத் தடுக்க அந்த 42 ஓம் மட்டுமே பாக்கி. 49.6 வோல்ட்டை 42-ஆல் வகுத்தால் 1.18 ஆம்பியர். அது 398 ஓம் கெபாசிட்டரில் பாய்ந்தால் 470 வோல்ட். 48 வோல்ட் டிரான்ஸ்பார்மர்தானே என்று தொட்ட கை திரும்பாது. நடைமுறையில் சோக்கின் இரும்பு அதற்கு முன்பே தெவிட்டி (அதற்கு மேல் காந்தமேறாத நிலைக்குப் போய்), இண்டக்டன்ஸ் விழுந்து, ஒத்ததிர்வு கலைந்து வோல்டேஜ் கொஞ்சம் குறையும். ஆனால் உயிரைப் பறிக்க அந்த மிச்சமே போதும். 230 வோல்ட்டில் இதைக் கட்டினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கை வைத்தே யூகித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

கரண்ட் டிரான்ஸ்பார்மரோடு வேலை செய்தவர்களுக்கு இது பழகிய ஒழுக்கம். சி.டி.யின் செகண்டரியைத் திறந்துவிடக் கூடாது, மீட்டரைக் கழற்றும் முன் ஷார்ட்டிங் லிங்கைப் போட வேண்டும். இங்கேயும் அதே. லோடுக்கு இணையாக ஒரு தடிமனான டாகிள் சுவிட்ச் வைத்தேன். ரெசிஸ்டரை மாற்ற வேண்டுமென்றால் முதலில் டிரான்ஸ்பார்மரை அணைப்பது, அடுத்து அந்தச் சுவிட்சால் கெபாசிட்டரை ஷார்ட் செய்வது, பிறகே கை வைப்பது. பழைய தொடர் தெருவிளக்குகளிலும் இதே பாதுகாப்பு இருந்தது. ஒவ்வொரு விளக்கின் சாக்கெட்டிலும் ஒரு மெல்லிய காப்புப் படலம் இருக்கும். விளக்கு எரிந்து அறுந்தால் முழு வோல்டேஜும் அந்தப் படலத்தின் மேல் வரும், படலம் துளைபட்டு ஷார்ட்டாகிவிடும், மற்ற விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். கெட்டுப்போகும்போது ஷார்ட்டாகப் போகட்டும் என்ற அந்த எண்ணத்தை இரண்டாம் கட்டத்தில் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

98 கிலோஹெர்ட்ஸ்: எல்.இ.டி. வரிசைக்கு

50 ஹெர்ட்ஸில் எல்.இ.டி. மினுங்கும், சோக்கின் எடையும் ஒரு கிலோவைத் தொடும். அதிர்வெண்ணை உயர்த்தினால் எல்லாம் உள்ளங்கைக்குள் வந்துவிடும். 24 வோல்ட் டிசி தரும் எஸ்.எம்.பி.எஸ். சப்ளை, அதை மாறி மாறி ஆன்-ஆஃப் செய்து சதுர அலையாக்கும் இரண்டு மாஸ்ஃபெட் (டிரான்சிஸ்டர் சுவிட்ச்) கொண்ட ஹாஃப் பிரிட்ஜ், அப்புறம் ஒத்ததிர்வுச் சுற்று, ஏசியை மறுபடி டிசியாக்கும் டயோடு பிரிட்ஜ், 1 வாட் எல்.இ.டி.கள் தொடராக. இலக்கு 350 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் கீழே.

இங்கே காயில் ஒன்று போதாது. கெபாசிட்டரின் மேல் நேராக டயோடு பிரிட்ஜை மாட்டினால், அதன் வோல்டேஜ் எல்.இ.டி. வோல்டேஜில் தட்டையாக வெட்டப்பட்டுவிடும். சைன் அலை என்று நாம் போட்ட கணக்கு கலைந்துபோகும். அதனால் கெபாசிட்டருக்கும் டயோடுக்கும் நடுவே இன்னொரு காயில். காயில், கெபாசிட்டர், காயில் என்று ஆங்கில T எழுத்து வடிவில் நிற்பதால் இதை எல்-சி-எல் T சுற்று என்பார்கள். கரண்ட் மூலத்துக்குத் தொடராக எதைப் போட்டாலும் கரண்ட் மாறாது, ஆகவே இந்த இரண்டாம் காயில் வெளியீட்டைக் கெடுப்பதில்லை. உள்ளீட்டுப் பக்கம் ஒரு நன்மையும் செய்கிறது: இரு காயிலும் சமமாக இருந்தால் மூலத்தின் கண்ணுக்கு முழுச் சுற்றும் வெறும் ரெசிஸ்டராகத் தெரியும். அந்த ரெசிஸ்டரின் அளவு, மின்மறுப்பின் வர்க்கத்தை லோடால் வகுத்தது. லோடு ஷார்ட்டானால் மூலத்துக்கு ஓப்பன், லோடு ஓப்பனானால் மூலத்துக்கு ஷார்ட். கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் இடம் வலமாகிவிடுகிறது.

கணக்கு இப்படி. ஹாஃப் பிரிட்ஜின் சதுர அலையில் அடிப்படை அலையின் உச்சம், சப்ளையின் இரு மடங்கை π-ஆல் வகுத்தது: 24 வோல்ட்டுக்கு 15.3 வோல்ட். டயோடு பிரிட்ஜுக்குப் பின் கிடைக்கும் சராசரிக் கரண்ட், உச்சத்தின் 0.637 பங்கு. காயில் 47 மைக்ரோஹென்றி, கெபாசிட்டர் 56 நானோஃபாரட் என்று எடுத்தால் ஒத்ததிர்வு 98.1 கிலோஹெர்ட்ஸ், மின்மறுப்பு 29 ஓம். ஆக 15.3-ஐ 29-ஆல் வகுத்து 0.637-ஆல் பெருக்கினால் 336 மில்லிஆம்பியர். இரண்டும் கடையில் கிடைக்கும் வழக்கமான அளவாக அமைந்தது மனதுக்கு நிறைவாக இருந்தது.

அதிர்வெண்ணை ஆர்டுயினோ நானோவின் டைமரில் எடுத்தேன். 16 மெகாஹெர்ட்ஸை 163-ஆல் வகுத்தால் 98.16 கிலோஹெர்ட்ஸ். கிரிஸ்டல் என்பதால் சூட்டுக்கு நகராது. அந்த அலையை ஐ.ஆர்.2104 டிரைவருக்குக் கொடுத்தால் மேல் கீழ் மாஸ்ஃபெட்டுகளை அது பார்த்துக்கொள்ளும், இடையே சுமார் அரை மைக்ரோசெகண்ட் டெட் டைமும் (இரண்டும் ஆஃபாக இருக்கும் இடைவேளை) அதுவே விடும். டிரைவருக்குத் தனியாக 7812-இலிருந்து 12 வோல்ட். மாஸ்ஃபெட் என்றதும் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐ.ஆர்.எஃப்.இசட்.44.என். எடுத்து நீட்டுவார்கள். அதன் கேட் சார்ஜ், அதாவது ஆன் செய்யக் கேட் முனையில் நிரப்ப வேண்டிய மின்னூட்டம், 63 நானோகூலோம். இந்த டிரைவரின் சின்னக் கரண்டுக்கு அது பாரம். அரை ஆம்பியர் சமாச்சாரத்துக்கு ஐ.ஆர்.எஃப்.இசட்.24.என். போதும், கேட் சார்ஜ் மூன்றில் ஒரு பங்குதான். ஹாஃப் பிரிட்ஜின் நடுப்புள்ளியிலிருந்து 2.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் வழியாக முதல் காயிலுக்குப் போக வேண்டும், டிசியைத் தடுக்க.

காயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுச் சுற்றின் தரமும் அதில்தான். பழைய கம்ப்யூட்டர் சப்ளையிலிருந்து கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையம் எல்லோரிடமும் இருக்கும். அது இரும்புத் தூள் கோர், டிசியின் மேல் சின்ன அலை ஓடும் இடத்துக்குச் செய்தது. 98 கிலோஹெர்ட்ஸில் முழு ஏசியும் அதில் ஓடினால் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். ஃபெரைட் வேண்டும், இடைவெளியோடு. இ.25 அளவு ஃபெரைட் ஜோடியில் 20 சுற்று சுற்றினேன். ஒற்றைத் தடிமன் கம்பியாக இல்லாமல், மெல்லிய எனாமல் கம்பிகள் பத்துப் பன்னிரண்டை டிரில் மெஷினில் மாட்டி முறுக்கிய புரி. இடைவெளி மொத்தம் 0.56 மில்லிமீட்டர் என்று கணக்கு சொல்கிறது. கோரின் கால்கள் எல்லாவற்றுக்கும் கீழே காகிதம் வைப்பதால் ஒவ்வொரு காலிலும் அதில் பாதி, அதாவது சாதாரண ஏ4 தாள் மூன்று. தாளை நறுக்கி வைத்து, இரண்டு பாதியையும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இண்டக்டன்ஸ் அளக்கும் எல்.சி.ஆர். மீட்டரைப் பார்த்தால் 50 மைக்ரோஹென்றிக்குச் சற்று மேலே காட்டியது. இடைவெளியின் ஓரத்தில் காந்தப்புலம் பிதுங்குவதால் கணக்கைவிட எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே வரும். இன்னொரு தாள் வைத்ததும் இறங்கியது. அழுத்தத்தைக் கூட்டினாலே அரை மைக்ரோஹென்றி அசைவதை மீட்டரில் பார்க்கலாம். அளவு வந்ததும் டேப் சுற்றி இறுக்கி, ஒரு சொட்டு பசை.

இரண்டாவது காயிலை மட்டும் வேண்டுமென்றே சிறிதாக, 39 மைக்ரோஹென்றியாக வைத்தேன். காரணம் இருக்கிறது. இரண்டும் சமமென்றால் மூலத்துக்குத் தெரிவது சுத்தமான ரெசிஸ்டர், மாஸ்ஃபெட் மாறும் கணத்தில் கரண்ட் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும். இரண்டாவதைக் குறைத்தால் உள்ளீட்டுக் கரண்ட் வோல்டேஜுக்குச் சற்றுப் பின்தங்கும். அந்தப் பின்தங்கிய கரண்டே டெட் டைமில் நடுப்புள்ளியை மறுபக்கம் இழுத்துவிடும், மாஸ்ஃபெட் தன் மேல் வோல்டேஜ் இல்லாதபோதே ஆன் ஆகும். வெளியீட்டுக் கரண்டை இது தொடுவதே இல்லை. இந்தச் சுற்றில் நான் மிகவும் ரசிக்கும் இடம் இது.

கெபாசிட்டர் பாலிப்ரொப்பிலீன்தான். ஒரு ஆம்பியர் உச்சக் கரண்ட் அதில் ஓடுகிறது, பாலியஸ்டர் சூடாகும். செராமிக்கில் சாதாரண வகை வோல்டேஜைப் பொறுத்துத் தன் அளவையே மாற்றிக்கொள்ளும், ஒத்ததிர்வுக்கு உதவாது. டயோடுகள் 100 வோல்ட் ஷாட்கி. 1என்4007-ஐ இந்த அதிர்வெண்ணில் நினைக்கவே வேண்டாம். டயோடுக்குப் பின் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம்.

அடுத்து அந்தத் தெருவிளக்குப் படலம். எல்.இ.டி. வரிசைக்கு இணையாக டி.ஒய்.என்.612 தைரிஸ்டர் (கேட்டில் தூண்டினால் ஆன் ஆகி அப்படியே நிற்கும் சுவிட்ச்), அதன் கேட்டுக்கு 33 வோல்ட்டைத் தாண்டினால் மட்டும் கடத்தும் ஜீனர் டயோடும் 100 ஓமும் வழியாகத் தூண்டல், கேட்டிலிருந்து கேத்தோடுக்கு 1 கிலோஓம். எட்டு எல்.இ.டி.க்கு 26 வோல்ட் வரை போகும், அதுவரை தைரிஸ்டர் தூங்கும். ஒயர் அறுந்தால் 336 மில்லிஆம்பியர் அந்த 1 மைக்ரோஃபாரடை நிரப்பிக்கொண்டு மேலேறும், 26-இலிருந்து 33-க்குப் போக இருபது மைக்ரோசெகண்ட்தான். தைரிஸ்டர் ஷார்ட்டாகும். ஷார்ட் ஆனதும் 336 மில்லிஆம்பியர் தைரிஸ்டர் வழியே ஓடும். அது அதன் ஹோல்டிங் கரண்டைவிட (ஆன் நிலையில் நிற்கத் தேவையான குறைந்தபட்சக் கரண்ட்) பல மடங்கு என்பதால் பவரை அணைக்கும்வரை பிடியை விடாது. சாதாரண சப்ளையில் இப்படி ஷார்ட் செய்தால் ஃபியூஸ் போக வேண்டும். இங்கே ஃபியூஸுக்கு வேலையே இல்லை, சுற்று அமைதியாகிவிடும்.

முதல் ஓட்டம் 5 வோல்ட்டில், கரண்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளையில். கரண்ட் சப்ளை வோல்டேஜுக்கு நேர்விகிதம் என்பதால் 70 மில்லிஆம்பியர் வர வேண்டும். ஒரு எல்.இ.டி.யை வைத்துப் பார்த்ததில் அதைச் சுற்றியே வந்தது. அதன் பிறகே 24 வோல்ட்.

ஒரு எல்.இ.டி.யில் 341 மில்லிஆம்பியர். மூன்றில் 338. ஆறில் 333. எட்டில் 329. எட்டு எல்.இ.டி. எரியும்போது மூன்றை ஒயரால் ஷார்ட் செய்தால், மிச்சம் ஐந்தின் வெளிச்சத்தில் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. சப்ளை பக்கத்து மீட்டர் மட்டும் சடாரென்று இறங்கியது. ஆறு எல்.இ.டி.யில் வெளியே 6.4 வாட், உள்ளே 24 வோல்ட்டில் 0.30 ஆம்பியர், அதாவது 7.2 வாட். 89 சதவீதம். போன இழப்பில் கணிசமான பங்கு டயோடுகளில். டயோடில் விழும் வோல்டேஜ் திறனைத் தின்னும், ஆனால் எல்.இ.டி. கரண்டை ஒரு மில்லிஆம்பியர்கூடக் குறைக்காது. டயோடு தொடரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கிளிப்பை உருவி ஓப்பனையும் சோதித்தேன். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சப்ளையின் லிமிட்டை 1 ஆம்பியரில் வைத்து. விளக்கு அணைந்த அதே நொடியில் உள்ளீட்டுக் கரண்ட் ஆர்டுயினோவும் டிரைவரும் எடுக்கும் அளவுக்கு விழுந்தது. எல்.இ.டி. வரிசையின் முனைகளில் ஒரு வோல்ட் சொச்சம். மாஸ்ஃபெட்டில் விரல் வைத்தால் அறைச் சூடு. தைரிஸ்டர் இல்லாமல் இதைச் செய்திருந்தால் 15 வோல்ட்டைத் தடுக்க அரை ஓம்கூட இருந்திருக்காது.

இதில் மாறாதது லோடைப் பொறுத்த கரண்ட் மட்டுமே. சப்ளை 5 சதவீதம் ஏறினால் கரண்டும் 5 சதவீதம் ஏறும். 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். போல நிலையான மூலம் இருக்கும் இடத்துக்கே இது பொருந்தும். பேட்டரியிலிருந்து நேராக எல்.இ.டி. ஓட்ட நினைப்பவர்களுக்கு வழக்கமான டிரைவர் ஐ.சி.யே நல்லது. இன்னொரு வரம்பு, லோடின் தடை மின்மறுப்பைப்போல ஒன்றரை, இரண்டு மடங்குக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் காயிலின் இழப்பும் அளவுத் தவறுகளும் தலைகாட்ட ஆரம்பிக்கும், கெபாசிட்டரில் வீணாகச் சுழலும் கரண்டும் பெருகும்.

வெளிச்சத்தைக் குறைக்க விரும்பினால் எல்.இ.டி.யை ஆன்-ஆஃப் செய்யும் மாஸ்ஃபெட்டைத் தொடராகப் போடாதீர்கள், ஒவ்வொரு ஆஃபும் ஓப்பன் சுற்று. வரிசைக்கு இணையாகப் போட்டு ஷார்ட் செய்து விடுங்கள். அப்போது 1 மைக்ரோஃபாரடின் மிச்ச சார்ஜ் மாஸ்ஃபெட் வழியே பாயும், அதைத் தாங்க ஒரு சின்ன ரெசிஸ்டர் அந்தக் கெபாசிட்டரோடு தொடராக வேண்டும்.

12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியை ஏற்றவும் இதே பலகையைப் பயன்படுத்திப் பார்த்தேன், எல்.இ.டி. இருந்த இடத்தில் பேட்டரி. கரண்ட் 335-ஐ ஒட்டி நின்றது. ஆனால் இந்தச் சுற்றுக்குப் பேட்டரி நிறைந்துவிட்டது தெரியாது, ஏற்றிக்கொண்டே போகும். 14.4 வோல்ட் வந்ததும், வோல்டேஜை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு கம்பாரேட்டர் இணை மாஸ்ஃபெட்டை ஆன் செய்து கரண்டைத் திருப்பிவிட வேண்டும். அந்த மாஸ்ஃபெட்டுக்கும் தைரிஸ்டருக்கும் பின்னால், பேட்டரிக்கு முன்னால் ஒரு டயோடு கட்டாயம். அது இல்லையென்றால் ஷார்ட்டாவது பேட்டரி. பேட்டரியைக் கழற்றினால் வோல்டேஜ் 33-ஐத் தொட்டுத் தைரிஸ்டர் பிடித்துக்கொள்ளும், மறுபடி ஏற்ற 24 வோல்ட் சப்ளையை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.